எந்தப் பிறவிப் பாவம்?

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முடிந்து செப்டம்பர் பிறந்த வேளையில், இரண்டு செய்திகள் தமிழ்நாட்டின் தெருவெல்லாம் பேசப்பட்டன. ஒன்று சென்னையில் முளைத்தது. மற்றொன்று பாரிசிலிருந்து பறந்து வந்தது. இரண்டையும் தனித்தனியே படித்தோம், தனித்தனியே மறந்தோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், ஒன்று மற்றொன்றின் கன்னத்தில் அறைந்ததைக் கண்டிருப்போம்!

சென்னைச் செய்தி இது: அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலே தன்னம்பிக்கை ஊட்டவென்று ஒரு சொற்பொழிவாளரை அழைத்தார்கள். வந்தவர் ஊட்டியது தன்னம்பிக்கையை அல்ல, தலைவிதியை! ஏழையாகப் பிறப்பதும் உடற்குறையோடு பிறப்பதும் முற்பிறவியில் செய்த வினையின் பலன் என்று சின்னஞ்சிறு மாணவிகளின் காதிலே ஓதினார். அங்கிருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார், எதிர்த்தார், கேள்வி கேட்டார். கண்ணில்லாதவருக்குத் தெரிந்த உண்மை, கண்ணுள்ளவருக்குத் தெரியவில்லை! செய்தி நாடெங்கும் பரவிற்று, நாடு கொதித்தது, செப்டம்பர் 7ஆம் நாள் அந்தச் சொற்பொழிவாளர் கைது செய்யப்பட்டார்.

பாரிஸ் செய்தி என்ன? செப்டம்பர் 2ஆம் நாள், மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டியில், இறகுப்பந்து ஆட்டத்தின் இறுதிக் களத்தில் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். பெயர் துளசிமதி முருகேசன். ஊர் காஞ்சிபுரம் — அண்ணா பிறந்த ஊர்! தந்தை தினக்கூலித் தொழிலாளி. மகளுக்கு முதல் பயிற்சியாளரும் அவரே. மகள் படிக்க வந்த இடமோ நம் கொங்கு நாட்டு நாமக்கல், கால்நடை மருத்துவக் கல்லூரி. இடது கை பழுதுபட்ட அந்தப் பெண், வலக்கையிலே மட்டையேந்தி வெள்ளிப் பதக்கத்தை வென்றாள்.

ஒரு கைதானே மட்டை பிடிக்கிறது, மற்றக் கையில் குறையிருந்தால் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். பந்தை எடுத்துக் கொடுப்பது அந்தக் கை. ஓடித் திரும்பும்போதும், துள்ளி அடிக்கும்போதும் உடம்பு சாயாமல் நிறுத்துவது அந்தக் கை. துடுப்பு ஒன்றை இழந்த படகு போலத்தான் ஆட வேண்டும். அந்தப் படகைத்தான் அவள் கரை சேர்த்தாள்!

இறுதி ஆட்டத்தில் சீன நாட்டு யாங் சியூசியாவிடம் 17-21, 10-21 என்று தோற்றாள், உண்மை. ஆனால் அதே யாங் சியூசியாவை அதற்கு முந்தைய ஆண்டு, 2023 அக்டோபரில், ஹாங்சோ நகரத்து ஆசிய பாரா விளையாட்டில் வென்று தங்கம் கொண்டவளும் இதே துளசிமதிதான். பாரிசில் அரையிறுதியிலே அவள் சந்தித்தது யாரை? திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாசை! தமிழ்ப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் பாரிசில் மோதினார்கள். 23-21, 21-17 என்று வென்றவள் இறுதிக்குப் போனாள். தோற்ற மனிஷா சோர்ந்தாளா? வெண்கலத்துக்கான ஆட்டத்தில் டென்மார்க் நாட்டுக் காத்ரின் ரோசன்கிரனை 21-12, 21-8 என்று வீழ்த்தினாள். அதே பாரிசில், குட்டை உருவத்தார் பிரிவிலே ஓசூர்ப் பெண் நித்யஸ்ரீ சிவனும் ஒரு வெண்கலம் வென்றாள். மூன்று தமிழ்ப் பெண்கள், மூன்று பதக்கங்கள்! மூவருக்கும் 2024ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது.

இப்போது கேட்கிறேன், வினைப்பயன் பேசும் வித்தகர்களை. அந்தக் கை எந்தப் பிறவியின் பாவம்? அந்தப் பதக்கம் எந்தப் பிறவியின் புண்ணியம்? கை குறைபட்டது பாவத்தால் என்றால், அதே உடம்புக்கு வெள்ளி கிடைத்தது எதனால்? பாவமும் புண்ணியமும் ஒரே உடம்பில் ஒண்டுக் குடித்தனம் நடத்தினவா? விடை சொல்ல மாட்டார்கள். சொல்ல முடியாது. நரம்புக்கும் தசைக்கும் நேர்ந்த குறையை மருத்துவம் விளக்கும். பதக்கம் வந்த வழியை உழைப்பு விளக்கும். இடையில் முற்பிறவிக்கு என்ன வேலை? ஈரோட்டுப் பெரியார் 1925இல் ‘குடி அரசு’ ஏட்டைத் தொடங்கிக் கேட்ட கேள்வி, நூறாண்டு கழித்தும் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வெட்கம்!

பிறப்பைக் காட்டி மனிதனைத் தாழ்த்துவது ஒரே சரக்கு. அதற்கு உறைதான் பல. ஏழையைப் பார்த்து ‘விதி’ என்பார்கள், தாழ்த்தப்பட்டவனைப் பார்த்துக் ‘குலம்’ என்பார்கள், பெண்ணைப் பார்த்துப் ‘பிறவி’ என்பார்கள், கை கால் குறைந்தவரைப் பார்த்து ‘கர்மம்’ என்பார்கள். தினக்கூலிக்காரர் மகள், பெண், உடற்குறையுள்ளவள் — மூன்று பூட்டும் போட்ட கதவைத்தான் துளசிமதி திறந்தாள். ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை மாற்றி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று கலைஞர் அழைக்கச் செய்தபோது, பெயர் மாற்றினால் குறை தீருமா என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்தப் பெயருக்குப் பொருள் என்னவென்று பாரிசில் எழுதிக் காட்டினார்கள் இந்தப் பெண்கள்.

இனி, ஆலைத் தோழர்கள் உற்றுக் கேட்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. துளசிமதி தனி ஆட்டக்காரி மட்டுமல்ல, இரட்டையர் ஆட்டக்காரியும் கூட. ஹாங்சோவில் அவள் வென்றவை மூன்று. தனியாக ஆடித் தங்கம். மானசி ஜோஷியுடன் பெண்கள் இரட்டையரில் வெள்ளி. நித்தேஷ் குமாருடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம். மானசி, 2011இல் சாலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். 2019இல் உலக வாகையர். நித்தேஷ், ரயில் விபத்தில் காலை இழந்தவர். பாரிசில் தங்கம் வென்றவர். கை பழுதானவளும் கால் இழந்தவரும் ஓரணியில்!

இது தற்செயலா? இல்லை, விதி! தலைவிதியல்ல, ஆட்டவிதி. காலில் குறை மிகுந்தவர் பிரிவுக்கு 3 புள்ளி, காலில் குறை சற்றுக் குறைந்தவர் பிரிவுக்கு 4 புள்ளி, கையில் குறையுள்ளவர் பிரிவுக்கு 5 புள்ளி. இந்தப் பிரிவினர் இரட்டையர் ஆடும்போது இருவர் புள்ளியும் கூட்டினால் 8க்கு மேல் போகக்கூடாது. ஆகவே வேகமாக ஓடக்கூடிய இருவர் சேர்ந்துகொண்டு மற்றவரை மிதிக்க முடியாது. ஐந்துக்காரி மூன்றுக்காரியைத் தேடிப் போய்த்தான் ஆக வேண்டும். ஓட முடிந்தவள் மூலைக்கு ஓடுவாள். நிற்பவள் தன் இடத்தைக் காப்பாள். வலுவுள்ளவன் வலுவற்றவனோடு சேர்ந்தால்தான் இருவருக்கும் வெற்றி. தோழர்களே, இதைத்தானே நாம் தொழிற்சங்கம் என்கிறோம்! சமூகநீதி என்கிறோம்! மேடைகளில் மணிக்கணக்கில் நாம் பேசுவதை ஓர் ஆட்டத்தின் சட்டம் ஒரு வரியில் சொல்லிவிட்டது.

அடுத்து டென்மார்க்குக்கு வருவோம். மனிஷாவிடம் தோற்றது டென்மார்க் வீராங்கனைதான். ஆனால் அந்த நாட்டை எளிதாக எண்ணாதீர்கள். 1620இல் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டி, 1845இல் அதை ஆங்கிலேயனுக்கு விற்றுவிட்டுப் போன அதே டென்மார்க்தான். மக்கள்தொகை ஏறக்குறைய 60 லட்சம். 2011 கணக்குப்படி கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களைக் கூட்டினால் 81 லட்சத்துக்கு மேல்! நம் மூன்று மாவட்டங்களுக்கும் குறைந்த அந்த நாடு, 2016இல் தாமஸ் கோப்பையை வென்றது. ஐரோப்பாவிலிருந்து அதை வென்ற முதல் நாடு அதுதான். அந்த அணியில் ஆடிய இரட்டையர் வீரர் மத்தியாஸ் போ, 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் கார்ஸ்டன் மோகன்சென்னுடன் வெள்ளி வென்றவர். பின்னர் இந்தியாவின் சாத்விக்–சிராக் இணைக்குப் பயிற்சி தந்தவரும் அவரே.

டென்மார்க்காரன் ரத்தத்திலா இறகுப்பந்து ஓடுகிறது? இல்லை. ஊர்தோறும் கூரை போட்ட மண்டபம், அதிலே சங்கம், மாலையில் வேலை முடித்தவனும் பள்ளி முடித்த சிறுவனும் சேர்ந்து ஆடும் பழக்கம். அந்த இளையோர் சங்கங்களுக்கு இடமும் உதவித்தொகையும் தருவது உள்ளாட்சியின் கடமை. இதுதான் அவர்கள் செய்த ‘புண்ணியம்’!

கூரைக்கு ஏன் இத்தனை பேச்சு என்பீர்கள். கம்பளிப் பந்தில் ஆடும் நமது பூப்பந்துக்குத் திறந்த திடல் போதும். இரண்டு கழியும் ஒரு வலையும் போதும். இறகுப்பந்து அப்படியல்ல. பதினாறு இறகு செருகிய அந்தப் பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு மூச்சு விட்டால் பந்து அடுத்த தெருவில்! ஆகவே சுவரும் கூரையும் வேண்டும். சுவரும் கூரையும் உடையவன் மணிக்கு இத்தனை என்று வாடகை கேட்கிறான். கட்ட முடிந்தவன் பிள்ளை உள்ளே ஆடுகிறது. கட்ட முடியாதவன் பிள்ளை சன்னல் வழியே பார்க்கிறது. பின்னலாடைத் தொழிலாளியின் பிள்ளைக்குத் திறமை இல்லையென்று யார் சொன்னது? அதற்குக் கூரை இல்லை, அவ்வளவுதான்!

2024 செப்டம்பரில் அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் துளசிமதிக்கு 2 கோடி ரூபாய் வழங்கினார். மனிஷாவுக்கும், நித்யஸ்ரீக்கும், உயரம் தாண்டி வெண்கலம் வென்ற சேலத்து மாரியப்பன் தங்கவேலுக்கும் தலா 1 கோடி. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். ஆனால் நம்மவர் தந்தார் என்பதற்காக நாம் நிறைவு கொண்டுவிடலாமா? பரிசு என்பது பழுத்த மரத்துக்குப் போடும் மாலை. நாற்றுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது? காஞ்சியில் ஒரு கூலித் தொழிலாளி, தானே பயிற்சியாளராகித் தன் மகளுக்கு ஊற்றினார். அப்படிப்பட்ட தந்தை வாய்க்காத பிள்ளைகள் எத்தனை பேர் கருகிப் போனார்களோ!

ஆகவே, கொங்குநாட்டுக் கழகத் தோழர்களே, கைதட்டியது போதும். உங்கள் ஊரில் சமுதாயக் கூடம் இருக்கிறதா? முகூர்த்த நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டித்தானே கிடக்கிறது! உயரம் போதுமென்றால் தரையிலே கோடு போடுங்கள், வலை கட்டுங்கள், மாலையில் திறந்து வையுங்கள். உயரம் போதாதென்றால், ஒரு மண்டபம் கட்டித் தரும்படி கிராமசபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். நகராட்சி மன்றத்தில் உறுப்பினரை எழுப்புங்கள். வாசலிலே படிக்கட்டு மட்டும் வைக்காதீர்கள், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் வையுங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் செய்தது. அந்தச் சட்டம் ஏட்டிலே உறங்காமல், மன்றத்திலே எழுந்து பேசுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பிறவியைப் பேசுகிறவன் பேசட்டும். நாம் கூரையைப் பேசுவோம். பாவக் கணக்கு பார்க்கிறவன் பார்க்கட்டும். நாம் எட்டுப் புள்ளிக் கணக்கு பார்ப்போம். மூன்றும் ஐந்தும் சேர்ந்தால் எட்டு. உழைப்பவனும் உழைக்க முடியாதவனும் சேர்ந்தால் நாடு!