மூணடி தூரம், முப்பது கிலோமீட்டர்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. ராக்கெட் பார்க்க நாங்கள் டி.வி. போடுவதில்லை. சுண்ணாம்புக்குளத்தில் யார் வீட்டு மாடியிலாவது ஏறி, வடகிழக்கே திரும்பி நின்றால் போதும். நடுவில் பழவேற்காடு ஏரி, அதற்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. பறவை போகிற வழியில் அளந்தால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்.

2023 ஜூலை 14. சந்திரயான்-3 கிளம்புகிற நாள். மதியம் 2.35 மணிக்கு. சாப்பிட்டுக் கையலம்பிய ஈரத்தோடு தெருவே எங்கள் மாடிக்கு வந்துவிட்டது. ராக்கெட் விடும் நாளில் கடல் பக்கம் போகக் கூடாது என்று முன்னாடியே சொல்லிவிடுவார்கள் என்பதால், வலைக்குப் போகிறவர்களும் ஊரில்தான் இருந்தார்கள்.

என் அண்ணன் முன்வரிசையில் நின்றான். வயது 71. 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் எஸ்.எல்.வி. கிளம்பி, கொஞ்ச நேரத்தில் வங்காள விரிகுடாவில் விழுந்ததே, அதிலிருந்து ஒன்று விடாமல் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன். அதனால் ராக்கெட் விஷயத்தில் ஊரில் அவன் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

“அதோ! அதோ!” என்று எல்லோரும் கத்தினார்கள். அண்ணனும் நெற்றியில் கை வைத்து, “ஆகா, இன்னா வெளிச்சம்டா!” என்று உருகினான்.

அவன் பேத்தி, ஒன்பது வயது, அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, அது தண்ணித்தொட்டி. ராக்கெட்டு இந்தப் பக்கம்.”

அண்ணன் அசரவில்லை. “தெரியும்டி. தொட்டி மேல வெளிச்சம் அடிக்குதே, அதைச் சொன்னேன்” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனபின், ஏரியைத் தாண்டி அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது. வெளிச்சம் உடனே வந்துவிடும். சத்தத்துக்கு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி ஆகும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “கேட்டுச்சா? என்ன இடி!” என்றேன் பெருமையாக.

பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். “முப்பது கிலோமீட்டருக்கு அப்பால ராக்கெட்டு உறுமுறது கேக்குது. மூணடி தள்ளி நின்னு நாலு தடவை மோர் வேணுமான்னு கேட்டேன், அது கேக்கலையா?”

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தான்.

மனைவி சொன்னதில் தப்பு இல்லை. என் மேலும் தப்பு இல்லை. வயதாகும்போது காது மொத்தமாக மூடிக்கொள்வதில்லை. உட்காதில் ஓசையை வாங்கும் நுண்ணிய செல்களில், மெல்லிய, கீச்சென்ற ஓசைகளை வாங்குகிறவை முதலில் தேய்கின்றன. இடி, லாரி, ராக்கெட் எல்லாம் கேட்கும். குழந்தை குரல், பெண்கள் குரல், குக்கர் விசில், பேச்சில் ச, த, ப வரும் இடங்கள் ஆகியவை நழுவும். இயற்கையே இப்படி ஏற்பாடு செய்திருக்கிறது என்று மனைவியிடம் விளக்கினேன். இயற்கைக்கு நான் வக்கீல் வேலை பார்ப்பதாக அவள் சொன்னாள். (அப்படித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.)

வெள்ளெழுத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் அது வீடு தேடி வரும். இந்தப் பக்கத்தை இரண்டு விரலால் பெரிதாக்கித்தானே படிக்கிறீர்கள்? பரவாயில்லை. யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் கதை அப்படி இல்லை. அவன் வருஷக்கணக்காக மறைத்துக்கொண்டிருந்தான் என்பது பிறகு யோசித்தால்தான் தெரிந்தது. வலை பொத்தல் தைக்கிற ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவான். “சின்னப் புள்ளைங்களுக்குத் தொழில் தெரியணும்” என்பான். டீக்கடையில் இருபது ரூபாய் என்று நினைத்து இருநூறைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் திருப்பித் தந்தபோது, “நீ யோக்கியனான்னு பார்த்தேன்” என்றான். மடவை என்று நினைத்துக் கெளுத்தியைப் பிடித்து முள் வாங்கிக்கொண்டு வந்த நாளில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கெளுத்தியிடம் சமாளிப்பு நடக்காது.

எதிரே வருகிற எல்லோரையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். ஊரே, “பெரியவருக்கு வயசானதும் கோபம் போயிடுச்சு” என்று புகழ்ந்தது. யாரென்று தெரியாததால் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு கண்ணிலும் புரை. டார்ச் அடித்துப் பார்த்தால் கருவிழி நடுவில் வெள்ளை பூசிய மாதிரி தெரியும். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளம் என்ற பெயருள்ள ஊரில் பிறந்து, கடைசியில் அந்தச் சுண்ணாம்பு கண்ணுக்குள்ளேயே அடிக்கப்பட்டுவிட்டது.

வயதுதான் காரணம் என்றாலும் ஏரிக்கும் அதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் செசபீக் விரிகுடா என்று ஒன்று இருக்கிறது. நம்முடையதைப் போலவே உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடம். நண்டுக்குப் பேர் போனது. அங்கே தண்ணீரில் தொழில் செய்யும் 838 பேரின் கண்களைச் சோதித்து, 1988இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு ஒரு வகைக் கண்புரை வரும் ஆபத்து, குறைவாகப் பட்டவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். தலைக்கு மேல் சூரியன் போதாதென்று தண்ணீரும் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. விளிம்பு வைத்த ஒரு தொப்பி போட்டால்கூடக் கண்ணில் படுவது நிறையக் குறையும். ஐம்பது வருஷம் அண்ணன் தலையில் ஒரு துண்டு கட்டியிருந்தான். அதுவும் வியர்வை துடைக்க.

ஆஸ்பத்திரி என்றால் மட்டும் அவனுக்கு நூறு காரணம். “புரை இன்னும் முத்தலடா. முத்துனாதான் எடுக்க வரும்” என்பான். ஒரு காலத்தில் அப்படித்தான் காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது பார்வை வேலைக்கு இடைஞ்சல் ஆனாலே எடுத்துவிடுகிறார்கள். அடுத்தது, “கண்ணை வெளிய எடுத்துக் கழுவி, திருப்பி வைப்பாங்களாம்.” எங்கே கேட்டான் என்று தெரியாது. அப்புறம், “இந்த வயசுல எதுக்கு?”

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் ஒருநாள் சட்டை கையை மடித்துக்கொண்டு பதில் சொன்னேன். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றது 1976இல், 58 வயதில். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களுக்கே கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற வருஷமே 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் அவர்களே ஆரோலேப் என்ற பெயரில் அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. அந்த லென்ஸ் பிறந்த கதை இன்னும் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடி உடைந்து சில்லுகள் விமானிகளின் கண்ணில் ஏறின. அந்தப் பிளாஸ்டிக் சில்லு கண்ணுக்குள் கிடந்தும் புண்ணாகவில்லை என்பதை லண்டன் டாக்டர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். 1949இல் அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னான்: “அப்ப ஏரோப்ளேன் கண்ணாடியை என் கண்ணுல வெப்பாங்களா? வேணாம்டா.”

அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மார்கழியில் ஒரு சாயங்காலம், பேத்தியைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனான். பூநாரை காட்டுகிறேன் என்று. திரும்பும்போது வெயில் தாழ்ந்து தண்ணீர் முழுக்கத் தகதகப்பு. புரை உள்ள கண்ணுக்கு அந்த நேரம் இருட்டைவிட மோசம். வலை கட்ட நட்டிருந்த கழி ஒன்று எதிரே இருந்தது. அவள், “தாத்தா, கழி! தாத்தா!” என்று கத்தியிருக்கிறாள். இவன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அதன் மேலேயே விட்டுவிட்டான். படகு சாய்ந்து பிள்ளை தண்ணீரில் விழுந்தாள்.

எங்கள் ஏரி ஆழமில்லாதது. நிறைய இடங்களில் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். அவள் எழுந்து நின்று, இருமிவிட்டு, சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் அதை ஒரு சாகசக் கதையாகச் சொன்னாள். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னாள். பிள்ளை விழுந்த பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லையாம். சிரிப்புச் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டித்தான் பிடித்திருக்கிறான்.

மறுநாள் விடியற்காலை என் வீட்டு வாசலில் நின்றான். குளித்து, சட்டை போட்டு, தலை சீவி.

“அந்தக் கண்ணாஸ்பத்திரி எங்கடா இருக்கு?”

அதிகம் பேசாமல் கூட்டிக்கொண்டு போனேன். தேதி கொடுத்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். தை மாதம் முதலில் வலது கண். உள்ளே போனவன், நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வெளியே வந்துவிட்டான். “கழுவுனாங்களா?” என்று கேட்டேன். முறைத்தான். ஒரு கண்ணால்.

அடுத்த நாள் கட்டைப் பிரித்தார்கள். அண்ணன் கொட்டிக் கொட்டி விழித்தான். ஜன்னலைப் பார்த்தான். நர்ஸ் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். கடைசியாக என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இன்னாடா தம்பி, இவ்ளோ கெழவனா ஆயிட்டே?”

வீட்டுக்கு வந்ததும் சுவர் அழுக்கு என்றான். அண்ணி புடவை நீலமா, நான் சாம்பல் என்று நினைத்தேன் என்றான். பழைய லென்ஸ் பழுப்பேறி நீலத்தை வடிகட்டிவிடுகிறதாம். அதனால் புரை எடுத்தவர்கள் எல்லோரும் முதலில் நீலத்தைத்தான் பேசுகிறார்கள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததும் மட்டும் டாக்டரிடம் போய்ப் புகார் சொல்ல வேண்டும் என்றான். மாசி மாதம் ஏரிக்கரையில் நின்று, பூநாரைகளின் இறக்கையை ரொம்ப நேரம் பார்த்தான். “இந்த வருஷம் செவப்பு ஜாஸ்தி” என்றான். எந்த வருஷமும் அதே சிவப்புதான் என்று நான் சொல்லவில்லை.

2024 பிப்ரவரி 17, சாயங்காலம் 5.35. அடுத்த ராக்கெட், ஜி.எஸ்.எல்.வி. அதே மாடி, அதே கூட்டம். இந்தத் தடவை ஊரிலேயே முதலில், “அதோ!” என்றவன் அண்ணன். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வேறு. பேத்தியைத் தோளில் ஏற்றப் பார்த்து, அண்ணியிடம் திட்டு வாங்கினான்.

ராக்கெட் மறைந்ததும் என் பக்கம் திரும்பினான். ஏதோ சொன்னான். நான் தலையாட்டினேன். அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

“ஏண்டா, நான் பேசும்போதெல்லாம் என் வாயவே பார்க்கறியே, ஏன்?”

இத்தனை நாள் அது அவனுக்குத் தெரியாமல் இருந்தது. கண் கொடுத்தது நான்தானே, என்னைத்தான் முதலில் மாட்டிவிடுவான். அவனே காது பார்க்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான். எனக்கும் நூறு காரணம் இருக்கிறது. இன்னும் முத்தவில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறைப் பக்கமிருந்து மனைவி கூப்பிட்ட மாதிரி இருந்தது. கூப்பிட்டாளா என்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று கால் மணிக்கு ஒரு தரம், “இதோ வர்றேன்” என்று குரல் கொடுத்து வைக்கிறேன்.