புத்தகத்தோடு மலாக்கா போங்கள்

மலாய் இலக்கியம் படிக்கும் நம் மாணவர்கள் பலருக்கு முன்ஷி அப்துல்லாவின் 'ஹிகாயாட் அப்துல்லா' ஒரு தேர்வுக் குறிப்பு மட்டும்தான். தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார், 1849இல் சிங்கப்பூரில் அச்சானது. இவ்வளவு எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். பழைய நடை கடினம் என்பதால் மூலத்தைத் திறப்பவர்கள் குறைவு.

கடினம்தான். ஆனால் அதில் வரும் முக்கிய இடங்கள் நமக்குப் பேருந்து போகும் தூரத்தில் இருக்கின்றனவே!

அண்மையில் மலாக்காவில், போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் எஞ்சி நிற்கும் வாசலின் முன் நின்று, ஆங்கிலேயர் 1807இல் அக்கோட்டையைத் தகர்க்கத் தொடங்கிய பகுதியை வாசித்தேன். அப்போது அப்துல்லா சிறுவன். பேய்க்கு அஞ்சிக்கொண்டே கூலியாட்கள் கல்லோடு போராடியதையும், பிறகு ஃபார்குவார் வெடிமருந்து வைத்ததும் யானை அளவிலும் வீட்டளவிலும் கற்கள் பறந்து கடலில் விழுந்ததையும் அவர் விவரிக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் கடலைக் காணோம். எதிரே பேரங்காடிகள். கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். அப்படியானால் கரை எங்கே இருந்தது? கல் எவ்வளவு தூரம் பறந்திருக்கும்? இதற்காகவே அந்தப் பத்தியை மறுபடியும் படித்தேன். வகுப்பறையில் எந்த மாணவர் ஒரு பத்தியைத் தானாக இரண்டு முறை படிக்கிறார்?

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்துல்லாவின் முன்னோரில் அரபியரும் தமிழரும் இருந்தனர். அன்றைய மலாக்காவின் வணிகத்துக்குத் தமிழ் வேண்டியிருந்ததால் அவரும் தமிழ் படித்தார். 'முன்ஷி' என்ற பெயரே கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் வைத்ததுதான். இது தெரியாமல் நம் பிள்ளைகள் அவரை வெறும் பாடமாகக் கடந்து போவது எனக்கு வருத்தமே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படித்த பிறகு அழைத்துச் செல்லுங்கள். படிக்காமல் போனால் கைப்பேசியில் படம் எடுப்பதோடு சுற்றுலா முடிந்துவிடும். இரண்டு பத்திகள் போதும். அங்கேயே ஒரு மாணவர் உரக்க வாசிக்கட்டும்; நூலில் இருப்பதில் இன்று எது இல்லை என்று மற்றவர்கள் தேடட்டும்.

சிங்கப்பூர் மாணவர்கள் மலாக்கா வரை வரவும் வேண்டாம். ஆற்று முகத்துவாரத்தில் நின்ற, எழுத்து பொறித்த பாறை 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்துல்லா அதை மனம் நொந்து எழுதியிருக்கிறார். அதன் ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஆற்றோரத்தில் அப்பகுதியை வாசித்துவிட்டு அங்கே நடந்தே போகலாம். அரை நாள் போதும்.