பி.டி. பீரியடை கணக்கு கிளாஸுக்குக் கடன் கொடுக்காதீங்க

1/ "கிளாஸ்லதான் ட்யூப் லைட், ஜன்னல் எல்லாம் இருக்கே டாக்டர், வெளிச்சத்துக்கு என்ன குறை?" பிள்ளைகளின் கிட்டப்பார்வை பற்றிப் பேசினாலே பெற்றோர் கேட்கும் கேள்வி இது. வாங்க, ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம்.

2/ ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ். அதை அளக்க மீட்டர் இல்லையா? வானிலைத் தகவல் போதும். தரையில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் சூரியக் கதிர் விழுதுன்னு வானிலைத் தளங்கள் மணிக்கணக்கில் தருகின்றன. அந்த எண்ணை தோராயமா 110ஆல் பெருக்குங்க. அதுதான் வெளியே இருக்கும் லக்ஸ்.

3/ நல்ல வெயில், உச்சி நேரம்: 800 வாட். அதாவது 88,000 லக்ஸ்.
மேகமூட்டமான நாள்: 150 வாட்னு வைப்போம். 16,500 லக்ஸ்.

4/ இப்போ கிளாஸுக்குள்ள வருவோம். மேகமூட்டமான நாளில், ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்கும் மேசைக்கு வெளி வெளிச்சத்தில் 2% வந்தாலே பெரிய விஷயம். 16,500இல் 2% = 330 லக்ஸ். படிக்க, எழுத இது போதும். ஆனா வெளியே அதைப்போல 50 மடங்கு!

5/ இதுல கண்ணுக்கு என்ன? பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் சுரக்கும், அது கண் விழி நீளமா வளர்வதைக் கட்டுப்படுத்தும்னு கருதப்படுகிறது. விழி நீண்டால்தான் கிட்டப்பார்வை.

6/ சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு தினமும் 40 நிமிடம் கூடுதலா வெளியே வகுப்பு வைத்தார்கள். 3 வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 30.4% பேருக்கு. வழக்கம்போல் படித்த பிள்ளைகளில் 39.5%. முடிவு 2015இல் வெளியானது.

7/ "நம்ம ஊர் வெயில்ல எப்படி டாக்டர்?" உச்சி வெயில் வேண்டவே வேண்டாம். காலை 8 மணிக்கு 250 வாட் இருந்தாலும் 27,500 லக்ஸ். மரத்தடி நிழலில்கூட பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். சூரியனை நேரா பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது.

8/ ஏற்கெனவே வந்த பவர் இதனால் குறையாது. கண்ணாடி போட்டே ஆகணும்.

9/ பரீட்சை வந்தா முதல்ல காணாமப் போறது பி.டி. பீரியட்தான். அது விளையாட்டு நேரம் மட்டுமில்லை, எந்த ட்யூப் லைட்டும் தர முடியாத வெளிச்சம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கோடு சேர்த்து இதையும் கேளுங்க: "என் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் வெளியே இருக்கான்?"