யாருக்கய்யா ‘ஆர்வம்’?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துச் சிகானோ - லத்தீனோ ஆய்வுத் துறைப் பேராசிரியர் யாரைப் பற்றிய குறிப்பை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பெயர், பட்டம், அதற்குக் கீழே ‘கற்பித்தல் - ஆய்வு ஆர்வங்கள்’ என்று ஒரு வரி. எல்லைப்புறப் பண்பாடு, குடியேற்றம், பால்நிலை, வாய்மொழி வரலாறு... ஓட்டல் பலகையில் இட்லி, தோசை, பூரி எழுதிப் போட்ட மாதிரி வரிசையாக இருக்கும். இந்த ‘ஆர்வம்’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தபால்தலை சேர்க்கிறவனுக்கு ஆர்வம் இருக்கலாம். அடி வாங்கினவனுக்கு என்னய்யா ஆர்வம்?

1848இல் போரில் தோற்ற மெக்சிகோ தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை அமெரிக்காவிடம் இழந்தது. ஆட்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நாடுதான் மாறியது. சொந்த மண்ணிலேயே அந்நியராகி, தோட்டக்கூலிகளாகிப் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் ஸ்பானியம் பேசினால் பிரம்படி. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். எங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொடு, எங்கள் மொழிக்காக அடிக்காதே என்றார்கள். அவர்களோடு நின்ற ஆசிரியர் சால் காஸ்த்ரோ உட்பட 13 பேர்மீது சதி வழக்கு. பாடம் கேட்டால் சதி!

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் அரசுக் கல்லூரியில் மெக்சிகோ - அமெரிக்க ஆய்வுகள் தொடங்கின. சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின, லத்தீனோ, ஆசிய மாணவர்கள் சேர்ந்து 1968 நவம்பரிலிருந்து 1969 மார்ச்வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். 1969 ஏப்ரலில் சாண்டா பார்பராவில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி இத்துறைக்கு ஒரு திட்டம் வகுத்தார்கள். பல்கலைக்கழகம் சேரிக்குக் கடன்பட்டது என்பதுதான் அதன் சாரம். ஆக, இந்தத் துறை எந்தத் துணைவேந்தரும் போட்ட பிச்சையல்ல. ‘சிகானோ’ என்பதே ஏளனச் சொல்லாக இருந்ததுதான். அதையே எடுத்து நெற்றியில் எழுதிக்கொண்டார்கள். இந்த வேலை நமக்குத் தெரியாததா என்ன?

உடனே வந்துவிடுவார்கள் ‘நடுநிலை’ அறிஞர்கள். “இதெல்லாம் ஆய்வில்லைங்க, அரசியல்.” ரொடால்ஃபோ அக்குன்யா நார்த்ரிட்ஜில் 1969இல் சிகானோ ஆய்வுத் துறையை நிறுவியவர், ‘ஆக்கிரமிக்கப்பட்ட அமெரிக்கா’ என்ற வரலாற்று நூலை 1972இல் எழுதியவர். 1991இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் அவருக்குப் பேராசிரியர் பதவி தர மறுத்தது. வழக்குப் போட்டார். வயதைக் காட்டிப் பாகுபாடு செய்ததாக 1995இல் நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. பணம் கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. ஜெயித்தாலும் வாசலோடு சரி.

அரிசோனாவில் இன்னும் பச்சை. டூசான் பள்ளிகளில் நடந்த மெக்சிகோ - அமெரிக்கப் பாடங்களை ஒழிக்கவே 2010இல் சட்டம் போட்டார்கள். இன வெறுப்பை வளர்க்கிறதாம்! 2012 ஜனவரியில் வகுப்புகள் மூடப்பட்டன. அக்குன்யாவின் நூலும் பாவ்லோ ஃப்ரேய்ரேயின் நூலும் உட்பட ஏழு புத்தகங்களை வகுப்பறையிலிருந்து வாரிப் பெட்டியில் போட்டார்கள். இனத் துவேஷத்தால் செய்த காரியம் இது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல் சொன்னது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியைவிட்டே போய்விட்டார்கள். யார் நடுநிலை, சொல்லுங்கள்?

உள்ளேயும் கேள்விகள் இருந்தன. 1969 திட்டத்தில் பெண்கள் எங்கே என்று சிகானா பெண்கள் கேட்டார்கள். செர்ரி மொராகாவும் குளோரியா அன்சால்டுவாவும் 1981இல் நிறமுள்ள பெண்களின் எழுத்தைத் தொகுத்தார்கள். தன்பால் காதலைப் பற்றி வாய்திறந்து பேசினார்கள். அந்தக் கேள்விகளின் தொடர்ச்சியாகத்தான் பின்னாளில் ஆண் - பெண் ஈறு நீங்கி ‘சிகான்எக்ஸ்’ வந்தது. அன்சால்டுவா 2004இல் இறந்தார். முனைவர் பட்டம் செத்த பிறகுதான் கொடுத்தார்கள். இப்போது அவர் ஊருக்கெல்லாம் ‘ஆய்வு ஆர்வம்’!

“அப்படின்னா சிகானோதான் சிகானோவைப் படிக்கணுமா?” என்று கேட்பீர்கள். யார் வேண்டுமானாலும் படியுங்கள். படித்தது யாருக்குப் போய்ச் சேருகிறது, யாருக்கு நீ பதில் சொல்கிறாய் என்பதே கேள்வி. வளாகத்துக்குக் கழிப்பறை கழுவ வரும் லத்தீனோ அம்மாவின் பிள்ளைக்கு அந்த வகுப்பில் இடமில்லை என்றால், துறை இருந்தும் இல்லாததுதான்.

தோழர்களே, இது தூரத்துக் கதை இல்லை. சிகானோ துறைகள் பிறந்த அதே கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழக அமைப்பு, மாணவர்கள் போராடிக் கேட்டதால் 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியையும் சேர்த்தது. எதிர்த்துக் கடிதம் எழுதியவர்களில் இந்திய வம்சாவளிப் பேராசிரியர்களும் இருந்தார்கள். கடல் கடந்தும் சாதியைக் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு எதில்தான் ஆர்வம் என்று அப்போது தெரிந்தது.

நம்மையும் இன்று பலர் ஆய்கிறார்கள். ‘தலித் ஆய்வுகள்’ அவர்களின் ஆர்வப் பட்டியலில் ஏறிவிட்டது. ஏறட்டும். பட்டியலில் ஒரு வரியாக இருப்பதற்காக நாம் படிக்க வரவில்லை. பட்டியலை எழுதும் கையாக வேண்டும்.