கேமரா இருக்கட்டும், ஒலிக்கு யாரு?

குறும்படத்தோட முதல் ரெண்டு நிமிஷத்தை எடுக்கணும், குரூப் பிராஜெக்ட். அஞ்சு பேர் குழுவில் டைரக்டர் ஆகப் போட்டி, கேமராவுக்கும் போட்டி. ஒலிப்பதிவுக்கு மட்டும் ஆளே இல்லை!

என் கட்சி இதுதான் மக்களே: முதல் ஆளை ஒலிக்குப் போடுங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா பார்க்கிறவர் பொறுத்துப்பார். வசனத்தை ஃபேன் சத்தம் முழுங்கினா எழுந்து போயிடுவார்.

ஃபிரிட்ஸ் லாங் 1931-ல் எடுத்த ஜெர்மன் படம் 'எம்'. திரை இருட்டா இருக்கும்போதே ஒரு குழந்தையோட விளையாட்டுப் பாட்டு கேட்கும். அப்புறம் மகளைக் காணாம அம்மா கூப்பிடுற குரல், ஆளில்லாத மாடிப்படி. கொலையைக் காட்டாமலே நடுங்க வெச்சுட்டார்.

காமர்ஸ்காரன் கணக்கு சொல்றேன்: காசே இல்லாம கிடைக்கிற லாபம் இது. ஃபேனை நிறுத்துங்க. இன்னொரு செல்போனைப் பேசுறவர் பக்கத்தில் வெச்சுப் பதிவு பண்ணுங்க. ஒவ்வொரு ஷாட் ஆரம்பத்திலும் ஒருதரம் கை தட்டுங்க, எடிட்டிங்கில் ஒலியையும் படத்தையும் பொருத்த அது போதும்.

மார்க் அஞ்சு பேருக்கும் சமம். மரியாதை மட்டும் ஏன் டைரக்டருக்கு? நீங்க என்ன சொல்றீங்க?