வாசகர் கடிதம்: ஊறிய சுவர்களையும் கணக்கெடுக்க வேண்டும்

புயல் எச்சரிக்கை கடலோரத்தாருக்கே என்ற நினைப்பு வேலூர் மாவட்டத்துக்குப் பொருந்தாது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தது. 19ஆம் தேதி பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். ஆற்று வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். மழையில் ஊறிய சுவர் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. மழை விட்ட பிறகும் அந்த ஆபத்து நீடிக்கும்.

புயல் மழையின்போது வேலூர் சத்துவாச்சாரி வீடுகளில் மின்சாரம் போனால் மோட்டாரும் நிற்கும், தண்ணீரும் தீரும். எனவே குடத்தில் குடிநீர், டார்ச், மாத்திரை, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் அட்டை ஆகியவை முன்கூட்டியே தயாராக இருப்பது நல்லது. அக்டோபருக்குள் பழைய சுவர்களை மாநகராட்சி ஆய்வு செய்து, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐயும் அருகிலுள்ள நிவாரண முகாமின் பெயரையும் ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுதிவைக்கலாம்.

— ஒரு வாசகர், சத்துவாச்சாரி