ஆதிச்சநல்லூர் வெண்கல விலங்குகள்: பெர்லினில் இருப்பவை திரும்பி வருமா?

ஆழ்வார்குறிச்சி பக்கம் ஓடும் கடனா நதி, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. அதே ஆற்றங்கரையில் கிழக்கே போனால் ஆதிச்சநல்லூர். அங்கே கிடைத்த வெண்கல எருமையைப் பார்க்க, நெல்லைக்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இன்னும் சில பொருட்களுக்கு ஜெர்மனிக்கு விமானமே ஏறணும்!

என்ன கிடைத்தது?

முதுமக்கள் தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்தன. அவற்றின் மூடிகளில் எருமை, ஆடு, சேவல், மான், யானை, புலி என விலங்கு உருவங்கள். ஆயுதங்களுக்கு இரும்பு, அலங்காரப் பொருட்களுக்கு வெண்கலம் என்று பிரித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெண்கலத்துக்குச் செம்போடு வெள்ளீயம் தேவை. அது இந்தப் பகுதியில் கிடைக்காது. அப்படியென்றால், அன்றைக்கே தூரத்து வணிகம் இருந்திருக்கிறது.

எப்படி வெளியே போனது?

1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன.

சட்டப்படி திரும்பக் கேட்கலாமா?

சிக்கலே இங்கேதான். இந்தியப் புதையல் சட்டம் வந்தது 1878-ல், அதாவது ஜாகோர் தோண்டி இரண்டு ஆண்டுகள் கழித்து. கலாசாரப் பொருட்கள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-ல் வந்தது; அது முன்தேதியிட்டுச் செல்லாது. அதனால் கோயில் சிலைத் திருட்டு வழக்கு மாதிரி இதை நடத்த முடியாது. இரு நாட்டு அரசுகளும் பேசித்தான் முடிக்க வேண்டும். முழுசா திருப்பித் தராவிட்டாலும், நீண்டகாலக் கடனாகக் கேட்க வழி உண்டு.

எழும்பூரில் இருப்பவை?

அதற்கு சர்வதேச ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். நம்ம அரசுகளே எடுக்க வேண்டிய முடிவு அது. ஒரே கவலை, பாதுகாப்பு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் பழைய வெண்கலத்தை அரித்துவிடும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் காட்சிப் பேழை அவசியம்.

இப்போது என்ன நிலை?

2020 மத்திய பட்ஜெட்டில், மேம்படுத்தப்படும் ஐந்து தொல்லியல் தலங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட்டில், அகழாய்வுக் குழிகளைக் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கும் அருங்காட்சியகமும் அங்கேயே திறக்கப்பட்டது. நெல்லை ரெட்டியார்பட்டியில் மாநில அரசின் பொருநை அருங்காட்சியகமும் உண்டு. இனி இடமில்லை என்று சொல்ல முடியாது.

பெர்லின் கதவு திறக்க நாளாகலாம். எழும்பூர் சாவி நம்ம கையில்தானே இருக்கு?